போகியன்று பூட்டியிருந்த கதவு

போகியன்று காலை நாலரை மணிக்கு நாச்சியார் பாயில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில்தான் அவள் அம்மா கனகலட்சுமி கண்விழித்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது ஐந்து வயதுப் பிள்ளையின் விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்துகொண்டிருந்தன. அறை முழுக்கப் புகை. ஜன்னலுக்கு வெளியே யாரோ பழைய டயரையும் கிழிந்த பாய்களையும் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். மார்கழிப் பனியில் அந்தப் புகை மேலே போகாமல் சந்துக்குள்ளேயே நின்றது.

நாச்சியாருக்கு மூன்று வயதிலிருந்து வீசிங் உண்டு. வாயில் வைத்து உறிஞ்சும் பம்பு ஒன்று எப்போதும் அலமாரியில் இருக்கும். அது முந்தாநாள் தீர்ந்துவிட்டது. பொங்கல் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்று கனகலட்சுமி நினைத்திருந்தாள்.

ஒரகடத்தில் வரிசையாக எட்டு அறைகள் கொண்ட வாடகை வீடு அது. அதில் ஏழு அறைகள் பூட்டிக் கிடந்தன. எல்லாரும் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள். இரண்டு நாள் முன்பே பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டார்கள். கனகலட்சுமியும் சங்கரன்கோவில் பக்கம்தான். கணவன் மாரிராஜுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அதனால் இவர்கள் போகவில்லை. அவன் கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் நைட் ஷிப்டில் இருந்தான். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவான். இருந்தாலும் அவள் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டாள்.

அடுத்து 108. எடுத்த பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பனியில் வாலாஜாபாத் ரோட்டில் இரண்டு லாரிகள் மோதிக்கொண்டதில் பக்கத்தில் இருந்த வண்டிகள் அங்கே போயிருப்பதாகவும், அடுத்த வண்டி வர முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றும் சொன்னாள். அதற்குள் வேறு வண்டி கிடைத்தால் காத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

கனகலட்சுமி ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக்கொண்டாள். பிள்ளையை இடுப்பில் தூக்கி, ஈரத் துண்டால் மூக்கையும் வாயையும் லேசாக மறைத்து, சந்திலிருந்து வெளியே நடந்தாள். நடை கொஞ்ச தூரத்தில் ஓட்டமானது.

மெயின் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. நாச்சியாருக்கு ஏற்கெனவே இரண்டு முறை அங்கேதான் நெபுலைசர் வைத்தார்கள். '24 மணி நேரமும்' என்ற பச்சை விளக்குப் பலகை பனிக்குள்ளும் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் போன பிறகுதான் கிரில் கேட் பூட்டியிருப்பது தெரிந்தது.

படியில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். அறுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு ஆள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டர் போட்டிருந்தார். அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வேர்வை வழிந்தது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கேட்டின் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். சந்திரம்மாள் என்று பெயர். பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். வாசலில் பழையதைக் கொளுத்திவிட்டு உள்ளே வந்த கணவர் நரசிம்மன் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்து இறங்கினார்கள். பலகையில் விளக்கு எரிந்ததால் ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது என்று நினைத்து ஆட்டோக்காரரும் போய்விட்டார்.

"நான் வந்து கால் மணி நேரமாவுது. டாக்டர் இல்ல, டாக்டர் இல்லன்னு இதையே சொல்லிகினு கீறாரு" என்றார் சந்திரம்மாள்.

கேட்டுக்கு உள்ளே செக்யூரிட்டி நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். இடது புருவத்துக்கு மேல் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. டாக்டர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டதாகவும், பதிலுக்கு வர வேண்டியவர் எட்டு மணிக்குத்தான் வருவார் என்றும் அவர் சொன்னார். டாக்டர் இல்லாத நேரத்தில் புதுக் கேஸ் எதையும் உள்ளே விடக் கூடாது என்பது மேனேஜ்மென்ட் உத்தரவு.

அவர் பேச்சில் இருந்த இழுப்பு கனகலட்சுமிக்குப் பிடிபட்டுவிட்டது. "அண்ணாச்சி, நீங்க நம்ம பக்கந்தானே? புள்ளைக்கு மூச்சு விட முடியல. இங்கனதான் போன மாசம் மெஷின் வச்சாவ. அதை மட்டும் வச்சு விடச் சொல்லுங்க, போயிருதேன்."

அவர் முகம் ஒரு கணம் மாறியது. நாங்குநேரிக்காரர், வனமாமலை என்று பெயர். ஆனாலும் சாவியைத் தொடவில்லை. "தாயி, திறக்க மாட்டேன்னு எனக்கு மட்டும் ஆசையா? போன மாசம் ஒரு ஆக்சிடென்ட் கேஸ உள்ள விட்டேன். பையன் செத்துப் போயிட்டான். கூட வந்தவனுவ கண்ணாடிய எல்லாம் உடைச்சு, என் மண்டையையும் உடைச்சானுவ. இன்னொரு தடவ திறந்தா வீட்டுக்குப் போன்னு எழுதி வாங்கியிருக்காவ. நீ பெரும்புதூர் ஜி.எச்.சுக்குப் போயிரு."

எதில் போவது என்று அவள் கேட்டாள்.

நாச்சியார் பேசுவதை நிறுத்தியிருந்தாள். வழியெல்லாம் "அம்மா, அம்மா" என்று சொல்லிக்கொண்டு வந்தவள், இப்போது வாயைத் திறந்து காற்றை மட்டும் இழுத்தாள். பச்சை வெளிச்சத்தில் அவள் உதடு என்ன நிறம் என்று கனகலட்சுமிக்குத் தெரியவில்லை. செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தாள். நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

அவள் கத்தவில்லை. பிள்ளையைப் படியில் உட்கார வைத்து, ஃபைலைப் பிரித்து, போன மாதச் சீட்டைக் கம்பி வழியாக உள்ளே நீட்டினாள். அப்போதுதான் ரிசப்ஷனுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவருகில் ஒரு நர்ஸ் நின்று பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சின்ன வயது. எழிலரசி என்ற அந்தப் பெண்தான் நாச்சியாருக்கு முன்பு மெஷின் வைத்தவள். மாடியில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவள் மட்டும் டியூட்டியில் இருந்தாள். வெளியே சத்தம் கேட்டதிலிருந்து டாக்டருக்கு நான்கு தடவை போன் போட்டிருந்தாள். அணைத்து வைத்திருப்பதாகவே வந்தது.

"எக்கா, இந்தச் சீட்டுல டாக்டர் மருந்து பேரு, அளவு எல்லாம் எழுதி, கையெழுத்தும் போட்டிருக்காரு. இதே புள்ளதான். நீங்களா ஒண்ணும் செய்ய வேண்டாம். அவரு எழுதினதைச் செய்யுங்க" என்றாள் கனகலட்சுமி.

எழிலரசி கிட்டே வந்து சீட்டை வாங்கிப் படித்தாள். குனிந்து கம்பி வழியாகப் பிள்ளையின் விலாவைப் பார்த்தாள். திரும்பி உள்ளே ஓடினாள். போய்விட்டாள் என்றுதான் கனகலட்சுமி நினைத்தாள். ஒரு நிமிஷத்தில் நெபுலைசர் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தரையில் இழுத்தபடி வந்தாள். கேட்டுக்கு உள்ளே தரையில் பெட்டியை வைத்து, மருந்தை ஊற்றி, குழாயைக் கம்பி இடுக்கு வழியாக வெளியே விட்டாள். மாஸ்க்கை அம்மா வாங்கிப் பிள்ளையின் முகத்தில் வைத்து அழுத்தினாள். மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. வெள்ளையாகப் புகை மாதிரி மருந்து வந்தது.

வனமாமலை சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தரையில் மண்டியிட்டிருந்தாள், இந்தப் பக்கம் இன்னொருத்தி. இடையில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். "எம்மேல என்னத்த எழுதணுமோ எழுதிக்கிட்டுப் போகட்டும்" என்று மட்டும் சொன்னார். நாச்சியாரை அவரே தூக்கி ரிசப்ஷன் நாற்காலியில் உட்கார வைத்தார்.

பத்து நிமிஷத்தில் மருந்து தீர்ந்தது. நாச்சியாரின் மூச்சு இன்னும் விசில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் விலா உள்ளே போவது குறைந்திருந்தது. "தண்ணி" என்று ஒரு வார்த்தை கேட்டாள். கனகலட்சுமி ரிசப்ஷன் மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள். இதோடு விடக் கூடாது, ஆக்சிஜன் வைத்து ஒரு நாளாவது பார்க்க வேண்டும், ஜி.எச்.சுக்குக் கண்டிப்பாகக் கொண்டுபோங்கள் என்று எழிலரசி சொன்னாள்.

அதற்குள் நரசிம்மனை உள்ளே கொண்டுவந்து பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். எழிலரசி அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. சந்திரம்மாளைத் தள்ளி அழைத்துப்போய், இது நெஞ்சு வலிதான் போலத் தெரிகிறது, இதற்கு இங்கே தன்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை, சீக்கிரம் ஜி.எச்.சில் சேர்த்தால் ஊசி போடுவார்கள், தாமதிக்கத் தாமதிக்கக் கஷ்டம் என்று சொன்னாள். சந்திரம்மாள் புடவைத் தலைப்பால் கணவரின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்க வேர்த்தது.

"108 எப்போ வரும்னு கேட்டுச் சொல்லும்மா. எனக்கு அந்த நம்பர்ல பேசத் தெரியாது" என்றார் கனகலட்சுமியிடம். கேட்டபோது இன்னும் அரை மணி நேரம் என்றார்கள்.

கனகலட்சுமி தன் பிள்ளையைப் பார்த்தாள். எழிலரசி பக்கத்தில் இருந்தாள். "கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்தாள். ஐந்தேகால் மணி ஆகியிருந்தது. முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றப் போகும் கம்பெனி பஸ்கள் அந்த நேரத்தில்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அவளும் ஒரு சார்ஜர் கம்பெனியில் லைனில் வேலை பார்ப்பவள்தான். இரண்டு வருஷமாக இதே ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள்.

முதல் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வளைந்து போய்விட்டது. இரண்டாவது பஸ்ஸின் விளக்கு பனியில் மஞ்சளாகத் தெரிந்ததும் அவள் ரோட்டின் நடுவுக்கே போய், செல்போன் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். பிரேக் போட்ட சத்தம் கேட்டது. பஸ் அவளுக்குப் பத்தடி முன்னால் நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். அவள் திட்டி முடிக்கும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னாள். பலராமன் என்ற அந்த டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். ஹாஸ்டல் வாசலில் இருபத்திரண்டு பெண்கள் பனியில் நின்றுகொண்டிருப்பார்கள், ஐந்தே முக்காலுக்கு ஏற்ற வேண்டும், வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது, ரூட் மாறினால் உடனே போன் வரும் என்று அவர் சொன்னார். பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவில்லை. எல்லாம் உண்மைதான்.

"அண்ணே, நானும் அப்படி நிக்கிற பொண்ணுதான். பஸ்ஸு ஒரு நாளு வரலன்னா சூப்பர்வைசர்கிட்ட ஏச்சு வாங்குவோம், அவ்வளவுதான். உள்ள கிடக்கிற ஐயாவுக்கு நேரம் இல்ல" என்றாள்.

பலராமன் இன்ஜினை அணைக்காமல் இறங்கி வந்தார். பெஞ்சில் கிடந்த நரசிம்மனைப் பார்த்தார். வனமாமலை காலைப் பிடிக்க, இவர் தோளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினார். பஸ் படி உயரம். நடுவில் ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார்கள். கடைசி நீள சீட்டில் நரசிம்மனைப் படுக்க வைத்தார்கள். எழிலரசி ஒரு தாளில் பிரஷர் அளவையும், பிள்ளைக்குக் கொடுத்த மருந்தையும் நேரத்தையும் எழுதி, கீழே தன் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். பெயர் எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றதைக் கனகலட்சுமி கவனித்தாள்.

பெரும்புதூருக்குப் போகும் வழியெல்லாம் ஓரத்தில் சின்னச் சின்னதாகப் போகி நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டார்கள். நாச்சியார் அம்மாவின் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நரசிம்மனைத் தூங்கவிடக் கூடாது என்று எழிலரசி சொல்லியிருந்ததால் சந்திரம்மாள் ஏதாவது கேட்டுக்கொண்டே வந்தார். அவருக்குக் குரல் உடைந்தபோது கனகலட்சுமி கேட்டாள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மாடு இருக்கிறதா என்று. நரசிம்மன் ஒன்றிரண்டு வார்த்தையில் பதில் சொன்னார். ஒரு இடத்தில் கண்ணைத் திறந்து, "அந்தக் கொயந்தைக்கு இன்னா?" என்று அவர் கேட்டார். மூச்சுத் தொந்தரவு என்று சொன்னதும், பனியில் ஏன் வெளியே கொண்டுவந்தீர்கள் என்று முணுமுணுத்தார்.

பாதி வழியில் பலராமனின் போன் அடித்தது. டிரான்ஸ்போர்ட் ஆபீஸ். அவர் ஸ்பீக்கரில் போட்டார். "ஆமா சார், ரூட் மாறித்தான் வந்துகினு கீறேன். வண்டியில ஒரு உயிர் கீது. ஜி.எச்.ல இறக்கிட்டுப் பொண்ணுங்கள ஏத்தப் போறேன். நீங்க எழுதிக்கோங்க." எத்தனை நிமிஷம் ஆகும் என்று மட்டும் கேட்டார்கள்.

ஜி.எச். வாசலில் பஸ் நின்றதும் உள்ளே இருந்து ஸ்ட்ரெச்சர் வந்தது. ஒரு இளம் டாக்டர் எழிலரசியின் தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டே கூட நடந்தார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். நாச்சியாரை இன்னொரு கட்டிலில் உட்கார வைத்து ஆக்சிஜன் மாட்டினார்கள். எல்லாம் நடந்து முடிந்து கனகலட்சுமி நிமிர்ந்தபோது பலராமன் இல்லை. அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மாரிராஜ் ஏழே முக்காலுக்கு வந்தான். ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது பதினேழு மிஸ்டு கால் இருந்ததாம். யூனிபாரமும் சேஃப்டி ஷூவுமாக வார்டுக்குள் ஓடி வந்தவன், மாஸ்க் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்ததும் நின்றான். கட்டிலின் கால்பக்கம் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை. நான் வீட்டுலேர்ந்து நாலு கிலோமீட்டர் தள்ளித்தான் நின்னுக்கிட்டு இருந்திருக்கேன் என்று ஒரு முறை சொன்னான். கனகலட்சுமி அவன் முதுகில் கை வைத்தாள்.

நரசிம்மனை எட்டரை மணிக்கு ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். ஏறும்போது சந்திரம்மாள் கனகலட்சுமியின் நம்பரை வாங்கிக்கொண்டார். பொங்கலன்று மத்தியானம் போன் வந்தது. ரத்தக் குழாயில் அடைப்பை எடுத்துவிட்டார்கள், கண்ணைத் திறந்து கஞ்சி குடித்தார் என்று சொன்னார். நாச்சியார் அன்று காலைதான் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்திருந்தாள். பொங்கல் வைக்கவில்லை. மாரிராஜ் சேமியா கிண்டினான்.

எல்லாருக்கும் நல்லபடி முடிந்துவிடவில்லை. கேட்டைத் திறந்ததற்காக வனமாமலையை அவர் ஏஜென்சி சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு குடோனுக்கு மாற்றிவிட்டது. அங்கே பன்னிரண்டு மணி நேரமும் நின்றே பார்க்க வேண்டும். எழிலரசியிடம் விளக்கம் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழிலரசி எழுதிக் கொடுத்தாள். ஊரிலிருந்து திரும்பிய டாக்டர் அதைப் படித்துவிட்டு, மருந்து தான் எழுதியதுதான் என்று கீழே கையெழுத்துப் போட்டார். அவளுக்கு வேலை போகவில்லை. பலராமனுக்கு ஒரு மெமோ. இதெல்லாம் கனகலட்சுமிக்கு ஒன்றொன்றாகத் தெரியவந்தது. ஒவ்வொன்றையும் கேட்கும்போது, தான் கேட்டதால்தானே என்று அவளுக்கு உறுத்தியது. வனமாமலையைப் போனில் பிடித்து அதைச் சொல்லவும் செய்தாள். "நான் இனிமே தூங்கிருவேன் தாயி. திறக்காம இருந்திருந்தா தூக்கம் வந்திருக்காது" என்றார் அவர்.

குடியரசு தினத்தன்று கிராமசபைக் கூட்டம். சந்திரம்மாள் கனகலட்சுமியைத் தன் கிராமத்துக்கு வரச் சொல்லியிருந்தார். நரசிம்மன் வீடு திரும்பி நான்கு நாள் ஆகியிருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டு, பஞ்சாயத்துத் தலைவரும் அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். தெருவிளக்கு, குடிதண்ணீர், கால்வாய் என்று போய்க்கொண்டிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியில் டாக்டர் வேண்டும் என்று கேட்கக் கனகலட்சுமி எழுந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒருவர் இந்தம்மாவுக்கு இந்த ஊரில் ஓட்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அவள் ஓட்டு சங்கரன்கோவில் பக்கம் இருந்தது.

சந்திரம்மாள் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். மைக்கை வாங்கவில்லை. "அதுக்கு ஓட்டு இல்ல. எனக்குக் கீது. எம் பேர்ல எழுதிக்கோங்க. ஆனா பேசறது அது பேசட்டும். அன்னிக்கு என் வூட்டுக்காரருக்காக ரோட்டுல நின்னது அதுதான், இங்க ஓட்டு இருக்கறவங்க யாரும் இல்ல."

யாரும் மறுக்கவில்லை. கனகலட்சுமி பேசினாள். நீளமாகப் பேசவில்லை. எத்தனை மணிக்கு எழுந்தாள், எந்தக் கதவுக்குப் போனாள், யார் யார் என்ன செய்தார்கள் என்பதை வரிசையாகச் சொன்னாள். அன்று உதவிய மூன்று பேரும் அதற்காக மாட்டிக்கொண்டார்கள், அப்படி யாரும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டும் என்று முடித்தாள். கேள்வி கேட்ட முன்வரிசைக்காரர்தான் முதலில் கை தூக்கினார். தீர்மானம் எட்டாவதாக எழுதப்பட்டது. சந்திரம்மாள் கையெழுத்துப் போட்டார். அடுத்த வரியில், முகவரி என்ற இடத்தில் தன் அறை எண்ணை எழுதிக் கனகலட்சுமியும் போட்டாள்.

பங்குனியில் பதில் வந்தது. சுகாதார நிலையத்தில் ராத்திரிக்கு ஒரு நர்ஸும், ஆக்சிஜன் சிலிண்டரும், நெபுலைசரும் வைத்திருக்கிறார்கள். டாக்டர் பணியிடம் பரிசீலனையில் இருப்பதாக எழுதியிருந்தது. சந்திரம்மாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரகடத்துக்கே வந்துவிட்டார். கனகலட்சுமி படித்துக் காட்டினாள். பரிசீலனை என்றால் எப்போது என்று சந்திரம்மாள் கேட்டார். அது தெரியாது, அடுத்த கிராமசபை மே ஒன்றாம் தேதி என்று கனகலட்சுமி சொன்னாள். அன்றைக்குக் கம்பெனிகளுக்கு லீவு. இந்த முறை மாரிராஜும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.